நடு அடுக்கு

சாமான்களைத் தரையில் பரப்பி வைத்து நாள்கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பதுதான் என் வேலையில் பாதி. உடைந்த ஆத்தங்குடி டைல்ஸ், துருப்பிடித்த சாவிகள், இடித்த வீட்டின் ஜன்னல் கதவு. இவற்றை ஒட்டித்தான் சிற்பம் செய்கிறேன்; கண்ணுக்குச் சரியென்று படும்வரை எதையும் ஒட்ட மாட்டேன். "காக்கா கூடே இதைவிட லட்சணமா இருக்கும்" என்பார் என் கணவர்.

சிவகங்கையில் என் முதல் கண்காட்சிக்கு ஆறு நாள்தான் இருந்தது. காரைக்குடியில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய பித்தளை டிபன் கேரியரின் இரண்டு அடுக்குகள் என்னிடம் இருந்தன. மேலடுக்கைத் தகடாக வெட்டி, இலைகளாக்கி, ஜன்னல் கதவின் உச்சியில் பதித்திருந்தேன். அடியடுக்கு முழுசாகக் கீழே இருந்தது. நடுவில் ஒரு சாண் இடம் காலி. சாவியை வைத்தேன், உடைந்த கடிகாரத்தை வைத்தேன், எதுவும் உட்காரவில்லை. அழுகையே வந்துவிட்டது.

சுத்தியல் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தார் அடுத்த வீட்டு ஆச்சி. வந்தவர் அடியடுக்கில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டார்.

"எங்க ஆத்தா கேரியருல்ல இது!"

ஆத்தா போனபின் அக்கா, தங்கை, இவர் மூவரும் சாமான்களைச் சரிசமமாகப் பங்கு பிரித்திருக்கிறார்கள். இருந்த ஒரே கேரியரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் ஆளுக்கோர் அடுக்கு! அக்காவுக்கு அடி, தங்கைக்கு மேல், இவருக்கு நடு. அன்றைக்கு வார்த்தை தடித்து, மூவருக்கும் பேச்சு நின்று மூன்று வருடம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் ரேடியோவுக்காகத் தம்பியோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவள் நான். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

மேலடுக்கைத்தான் இலைகளாக வெட்டினேன் என்றேன். "ரெண்டு பேரும் வித்துட்டாளுகளா?" ஆச்சி இலைகளைத் தடவினார். "இது தங்கச்சி பங்கு. வெட்டிப்புட்டியேம்மா."

"தெரியாமச் செஞ்சுட்டேன், ஆச்சி. கோவிச்சுக்கிட்டீகளா?"

ஆச்சி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கண்காட்சி போனால் போகிறது என்று வாய்தான் சொன்னது, மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆச்சி நடு அடுக்கோடு வந்தார். அதுவரை அதில் மிளகு போட்டு வைத்திருந்தாராம்.

"இத வெட்டக் கூடாது. நடுவுல வையி."

வைத்தேன். உட்கார்ந்துவிட்டது. ஓட்டை போடாமல் செப்புக் கம்பியால் கட்டினேன்.

கண்காட்சி நாளில், ஆச்சி சொல்லி அனுப்பியிருந்ததால், அக்காவும் தங்கையும் வந்திருந்தார்கள்.

"என் அடுக்க மட்டும் எதுக்கு வெட்டுனீக?" என்று தங்கை என் மேல் பாய்ந்தார்.

"வித்தவளுக்கு என்ன கேள்வி?" என்றார் ஆச்சி.

அக்கா நடு அடுக்கை மோந்து பார்த்தார். "இவ மட்டும் என்ன, மிளகு டப்பாவாக்கி வச்சிருக்கா!"

மூன்று வருடச் சண்டையை மொத்தமாகப் போட்டார்கள். கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனித்தனியாக வந்த மூவரும், ஓயாமல் ஏசிக்கொண்டே, ஒரே காரில் ஏறிக் காரைக்குடிக்குத் திரும்பினார்கள்.