ராசாத்தி அக்காவும் மெயில் சர்வரும்

நேற்று பாயசத்துக்காக மனைவி ஏலக்காய் நசுக்கினாள். அந்த வாசனையில் உங்களுக்குக் கல்யாணப் பந்தி ஞாபகம் வரலாம். எனக்கு மெயில் சர்வர் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இடுக்கி மலையில் இருக்கும் வண்டன்மேட்டில், ஏலக்காயை ஏலம் விடும் ஒரு கம்பெனியில்தான் என் முதல் வேலை. ஏலத்துக்கு முந்தின நாள், யாருடைய சரக்கு எத்தனை மூட்டை என்ற பட்டியல் வியாபாரிகளுக்குப் போயாக வேண்டும். ஃபேக்ஸில் போய்க்கொண்டிருந்ததை மெயிலுக்கு மாற்றத்தான் என் ஊரான பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள். மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு ஏலம் பாப்போம் தம்பி. லிஸ்ட் ஒழுங்காப் போகலேன்னா பழைய ஃபேக்ஸே போதும்." ஃபேக்ஸ் போதும் என்றால் நான் வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, மண்டைக்கனம் வேறு. இரண்டு மென்பொருள்கள் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று எளியது, கொஞ்சம் மெதுவானது. மற்றது நினைத்தால் கேரளா முழுக்கக் கடிதம் போட்டுவிடும். எங்களுக்கு இருந்ததோ அறுபது வியாபாரிகள். நான் எதை எடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆபீஸில் சகல வேலையும் பார்த்த ராசாத்தி அக்கா ஒன்றுதான் கேட்டார். "நீ இல்லாதப்ப இது நின்னுபோச்சுன்னா நான் என்னய்யா செய்யணும்?"

"அதெல்லாம் நிக்காதுக்கா" என்றேன்.

முதல் ஏலம் ஜோராக முடிந்தது. இரண்டாவதற்கு முந்தின நாள் கல்பாத்தித் தேர். தேரை விட மனசு வருமா? ஊருக்குப் போய்விட்டேன். மத்தியானம் போன் அடித்தது. "தம்பி, கரண்டு போயி வந்துச்சு. பொட்டியில லைட்டு எரியுது, லிஸ்ட்டு போகமாட்டேங்குது." அந்தச் சர்வரில் நாலு பகுதிகளை வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். மேளச் சத்தத்துக்கு நடுவே நான் கத்தினேன், அங்கே அக்கா தட்டினார். ஒன்றும் நகரவில்லை. "சரி, நீ சாமியப் பாரு. நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

ஃபேக்ஸ் போட்டால் மேனேஜருக்குத் தெரிந்துவிடும் என்று, அறுபது பேரையும் போனில் கூப்பிட்டுப் பட்டியலை வாசித்திருக்கிறார். மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. மேனேஜரிடம், "லிஸ்ட்டு எல்லாருக்கும் போயிருச்சு சார்" என்று கரகரத்தார். பொய்யில்லைதானே. வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே பெரியதை அழித்துவிட்டு எளியதைப் போட்டேன். கரண்ட் வந்தால் தானே எழுந்துகொள்ளும். அறுபது கடிதமும் போய் முடிய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும், அவ்வளவுதான். செய்ய வேண்டியதை இரண்டே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அக்கா பேனாவால் மூன்றாவது வரி சேர்த்தார்: டீ குடிக்கவும்.

மூன்றாவது ஏலத்துக்கு முன் மழையில் கரண்ட் மூன்று தடவை போனது. சர்வர் மூன்று தடவையும் எழுந்தது. என் வேலை நிலைத்தது. அக்காவோ டீ குடித்த கையோடு போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, மெயில் வந்துச்சா? மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" நான் அங்கே இருந்த காலம் முழுக்க இதேதான். சர்வரின் வேகத்தைப் பற்றி நான் அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது அந்தக் கம்பெனிக்குச் சொந்த சர்வர் கிடையாது. கடிதங்கள் யாருடைய இயந்திரத்திலிருந்தோ கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகின்றன. சர்வர் இருந்த அறையில் சாக்கு அடுக்கியிருக்கிறார்களாம். எனக்கும் தினம் மெயில் குவிகிறது. வந்துச்சா என்று கேட்கத்தான் ஒருத்தரும் இல்லை.