என் மகள் கேட்ட மன்னிப்பு

டெக்சாஸில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குக் காலை ஏழரைக்கு மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து வரும். எங்கள் வீட்டை மட்டும் அது நிற்காமல் கடந்து போகும். வீட்டில் பிள்ளை இல்லாமல் இல்லை. ஒன்பது வயது நிஸ்ஸி அந்நேரம் சமையலறை மேஜையில் தோசையைப் பிய்த்தபடி, நான் வாசித்துக் காட்டிய வேதாகமப் பகுதியைத் தன் சொந்த வார்த்தையில் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஹோம்ஸ்கூலா?" என்று, பிள்ளைக்கு வீட்டிலேயே படிப்பா என்ற அர்த்தத்தில், கேட்டார். என் காதில் அது "ஹோம்சிக்கா?", ஊர் ஏக்கமா, என்று விழுந்தது. "ஆமாம், ரொம்ப. அதிலும் எங்கள் ஊர் ஜூன் மாதச் சாரலை நினைத்தால் தாங்க முடியாது" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் "காட் பிளெஸ் யூ" என்று சொல்லிப் புல் வெட்டப் போய்விட்டார்.

நான் இலத்தூர்க்காரன். தென்காசியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வாய்ப்பாடு தப்பினால் உள்ளங்கையை நீட்டச் சொல்லிப் பிரம்பை எடுப்பேன். அதுதான் படிப்பு என்று நம்பியிருந்தேன். மனைவி எஸ்தர் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையில்தான் அமெரிக்கா போனோம். அங்கே எங்கள் சபையில் சில குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு அவர்கள் வீடுகளுக்குப் போய்வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. பிள்ளை என்பது நாம் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டிய காலிக்குடம் அல்ல, தேவன் முழு ஆளாகவே நம் கையில் தருகிறார், பயம் காட்டியோ நாலு பேர் முன்னால் கேலி செய்தோ அதை நடத்த நமக்கு உரிமை இல்லை என்று அவர்கள் நம்பினார்கள். கணக்கும் ஜெபமும் அவர்களுக்கு வேறு வேறு பீரியட் இல்லை. எஸ்தர் மருத்துவமனைக்குப் போவது, நான் வீட்டில் இருந்து நிஸ்ஸிக்குக் கற்பிப்பது என்று முழங்காலில் நின்று ஜெபித்துத்தான் முடிவெடுத்தோம். ஆனால் ஊரில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் வீட்டில் இருக்கிறவனுக்கு எங்கள் பக்கம் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். நானே சிலரை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

போன ஜூனில் எஸ்தருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நிஸ்ஸியும் மட்டும் இலத்தூருக்கு வந்து என் அக்கா வீட்டில் தங்கினோம். ஊர்க் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிவில் ஐயர் (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) என்னை முன்னால் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னார். முன்வரிசையில் இருந்த அண்ணாச்சி ஒருவர், "அங்கன என்ன வேலை தம்பி?" என்று கேட்டார்.

"சாப்ட்வேர் அண்ணாச்சி. வீட்ல இருந்தே பாக்கேன்."

பெண்கள் பக்கம் அக்காவோடு இருந்த நிஸ்ஸி எழுந்தாள். "இல்லப்பா. நீங்க எனக்குப் பாடம் சொல்லித் தரீங்க. அம்மாதான் வேலைக்குப் போறாங்க." தயங்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அப்படிப் பேச நான்தான் பழக்கியிருந்தேன்.

சபை சிரித்தது. "பிள்ள சும்மா வெளையாடுதா" என்று மைக்கில் சொன்னேன்.

வெளியே வந்ததும் ஓய்வுநாள் பாடசாலை நடத்தும் ஜெயமணி டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, கோயில்ல நின்னு பொய் சொல்லலாமா? அப்பாட்ட சாரி கேளு." நிஸ்ஸி என்னைப் பார்த்தாள். உடனே கேட்கவில்லை. எனக்கு அவகாசம் கொடுத்தாள் என்று இப்போது புரிகிறது. நான் எதையோ தேடுவதுபோல் சட்டைப்பையைத் துழாவினேன். "சாரிப்பா" என்றாள். பதினோரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அடித்திருக்கிறேன். எந்தப் பிள்ளையும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் வேதாகமத்தை எடுத்தேன். வரிசைப்படி வந்தது ஆபிராம் கதை. பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போனவன், உயிருக்குப் பயந்து, மனைவி சாராயைத் தங்கை என்று சொல்லிவிடுகிற இடம். தாண்டிப் போய்விடலாமா என்று நினைத்தேன். நிஸ்ஸி பக்கத்தைப் பார்த்துவிட்டாள். வாசித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள்: "அவர் பயந்து பொய் சொன்னாரு. சாராய் ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "சொல்லியிருந்தா அவங்களைத்தான் பொய்க்காரின்னு சொல்லியிருப்பாங்க, இல்லப்பா?" என்றாள். "இட்லி ஆறுது, சாப்பிடு" என்றேன்.

புதன்கிழமை அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். ஐயர், அண்ணாச்சி, ஜெயமணி டீச்சர் எல்லோரும் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றேன். சாப்ட்வேர் வேலை எதுவும் இல்லை, பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன், அவள் சொன்னதுதான் உண்மை என்று சொல்லி முடித்தேன்.

அண்ணாச்சி மெதுவாக, "வேல போனத இப்பிடியா மறைக்கது தம்பி? ஆண்டவரு வேற ஒண்ணு தருவாரு" என்றார்.

"போகல அண்ணாச்சி. இதான் வேல."

அதற்குள் ஐயர் கண்ணை மூடிவிட்டார். எனக்கு நல்ல உத்தியோகமும், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைக்க மனமுருகி ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பழக்கதோஷம், என் வாயிலிருந்தும் ஆமென் வந்துவிட்டது.

ஜெயமணி டீச்சர் மட்டும் முழங்கால் வலியோடு பாயில் நகர்ந்து நிஸ்ஸியின் பக்கத்தில் வந்தார். "உன்னையப் பொய்க்காரின்னுட்டேன். மன்னிச்சிக்கட்டி." நிஸ்ஸி, "பரவால்ல ஆச்சி" என்று அவர் கையைப் பிடித்தாள். எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. நானும் வாத்தியார்தான். என் மனசாட்சியைச் சுத்தம் செய்துகொள்ள ஊர் முன்னால் எழுந்து நின்றேனே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் அக்காவோடு குற்றாலம் போகும் பஸ்ஸில் கேட்டேன். "டீச்சருக்கு முன்னாடி நான் கேட்டிருக்கணும்மா. மன்னிச்சிரு."

ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்திருந்தவள் திரும்பினாள். "எனக்குப் பாடம் சொல்லித் தர்றது உங்களுக்கு வெக்கமாப்பா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"தெரியலம்மா" என்றேன். அந்தப் பயணத்தில் நான் யோசிக்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மெயின் அருவியில் நல்ல தண்ணீர். அக்கா அவளைப் பெண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஆண்கள் கூட்டத்தில் அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, பிள்ளை தென்படுகிறாளா என்று நடுவிலுள்ள கம்பித் தடுப்பை ஒட்டி நின்றேன். பெண் போலீஸ் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். "சார், இங்கன நிக்கக்கூடாது, லேடீஸ் பக்கம். எந்த ஊரு நீங்க?"

இலத்தூர் என்று சொல்ல வாயெடுத்தேன். டெக்சாஸ் என்றும் நாக்கு நுனிக்கு வந்தது. இரண்டுமே உண்மைதான், இருந்தும் யோசித்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற நிஸ்ஸி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.