ஏழில் நிற்கும் இரண்டு பெட்டிகள்

பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது ஸ்ரெல்லாவின் தம்பி அழைத்தார். "நானா, அக்கா போயிட்டா. காலம நெஞ்சு நோகுது எண்டா. ஆசுபத்திரி வாசல் வரைக்குந்தான் வந்தா." அல்லாஹ்வே என்று வாய் சொன்னது. மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை, ஒன்பது பெட்டிகள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டபோது, எழுதினால் அதைத்தான் எழுதுவேன் என்று தம்பியிடம் சொன்னேன். "எழுதுங்க நானா, அக்காவும் அதத்தான் கேட்டிருப்பா" என்றார்.

ஸ்ரெல்லா யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, கொழும்பில் சிப் வடிவமைத்துவிட்டுத் தாயைப் பராமரிக்கக் கற்பிட்டிக்குத் திரும்பியவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவருடைய வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. நான் கருவாட்டு மூட்டை தூக்கித் தொடங்கி, இன்று இறால் பண்ணைகளுக்குச் சாமான் விற்பவன். தண்ணீரில் காற்றுக் குறைந்தால் குளத்தைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரங்களைத் தானாகச் சுழற்றும் பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கினேன். வெயில் ஏறியதும் அவை விறைத்து நின்றன. சக்கரம் நின்றிருக்கும், சுற்றுகிறது என்று பெட்டியில் விளக்கு எரியும். அந்த விளக்கை நம்பினால் விடியும்போது குளம் முழுக்க இறால் மிதக்கும்.

ஸ்ரெல்லா ஒன்றைத் திறந்து இரண்டு நாள் பார்த்தார். உள்ளே இரண்டு சிப். ஒன்று தண்ணீரை அளக்கிறது, மற்றது சக்கரத்தை ஓட்டுகிறது. இரண்டும் ஒரே கடிகாரத் துடிப்புக்கு அடியெடுத்து வைக்க வேண்டும். துடிப்போ முதல் சிப்புக்கு முந்திப் போய்விடுகிறது. மற்றது பழைய கணக்கை வாங்குவதற்குள் முதலாவது புதிய கணக்கை நீட்டிவிடுகிறது.

"அப்ப துடிப்ப மெதுவாக்குங்க தங்கச்சி."

"அது பிந்தி வாறதுக்கு மருந்து. இது முந்தி வாற வருத்தம். பிந்தி வந்தாக் காத்திருக்கலாம் நானா. முந்தி வந்திட்டா ஒண்டும் செய்யேலாது."

முந்திப் போகும் துடிப்பை மட்டும் பிடித்து வைத்து விடும் சின்னத் துண்டு ஒன்றைச் செய்தார். அதில் பதினாறு படி. ஒரு படி ஏற்றினால் ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு தாமதம். எல்லாரும் வேகத்தை விற்கிறார்கள், நீங்கள் தாமதத்தை விற்கிறீர்களே என்று கேட்டேன். "அரசாங்கக் கந்தோர்கள்ல அதச் சும்மா குடுக்கிறாங்கள். நான் அளந்து குடுக்கிறன்" என்றார்.

ஆலங்குடாவில் ஹமீதின் பண்ணையில் முதல் பெட்டியைப் பொருத்தினோம். ஏழாம் படியில் சக்கரங்கள் அழகாக ஓடின. மூடுங்கள் என்றேன். அவர் மூடவில்லை. ஆறு, ஐந்து, நான்கு என்று இறக்கினார். மூன்றில் சக்கரங்கள் நின்றன. குளத்தில் நுரை அடங்கியது.

"என்ட எறால் சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் பாடம் நடத்துங்க!" கையால் போடும் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு ஹமீது கத்தினார்.

"சுவிட்ச் உங்கட கையிலதானே, போடுங்கோ" என்ற ஸ்ரெல்லா, தலைமுடி காய வைக்கும் ட்ரையரைப் பெட்டிக்குள் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு மேலே ஏற்றினார். பதினொன்றில் மறுபடி நின்றது.

"வேல செய்யிறதப் போய் ஏன் கெடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நிண்டு விழுற இடம் ரெண்டையும் காணாம நடு எது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மூன்று, பதினொன்று என்று கொப்பியில் எழுதி, ஏழில் வைத்தார். மூடியில் தன் சிவப்பு நகப் பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். "ஒவ்வொரு போர்டுக்கும் நடு வேற நானா. ஒண்டப் பாத்து மற்றதுக்கு வைச்சிடாதேங்கோ."

அதைத்தான் செய்தேன். தாயின் சத்திரசிகிச்சைக்காக அவர் இரண்டு கிழமை கொழும்பில் நின்றார். பண்ணைக்காரர்கள் பெட்டி கேட்டு என்னை விடவில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி கருவாடு எடுத்தால் முழு மூட்டைக்கும் விலை சொல்லிவிடுவேன். அந்தக் கை இதிலும் புகுந்தது. மீதி ஒன்பது பெட்டிகளையும் ஏழில் வைத்து விற்றேன். ஒன்றையும் விழுத்திப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் கொப்பியை விரித்தார். "எது எது எங்க விழுந்தது?" ஏழு நடுவில் வரும்படி வாய்க்கு வந்த இலக்கங்களைச் சொன்னேன். மூன்று, பதினொன்று. நான்கு, பத்து. இரண்டு, பன்னிரண்டு. ஒன்பதையும் எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல ஒழுங்காத்தான் விழுந்திருக்கு நானா" என்றார். நக்கலா, நம்பினாரா? கேட்கப் பயந்தேன். எட்டாம் நாள், பாலாவிச் சந்தியில், தம்பியின் அந்த அழைப்பு வந்தது.

அடக்கத்துக்கு மறுநாளே பெட்டி வாங்கிய எல்லாருக்கும் ஃபோன் எடுத்தேன். ஏழு பெட்டிகள் திரும்பி வந்தன. அவர் செய்ததுபோலவே ட்ரையர் பிடித்தும், என் பங்குக்கு மீன்பெட்டி ஐஸில் வைத்தும், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் விழுத்தினேன். நான்கு பெட்டிகளுக்கு ஏழாம் படி பொருந்தியது. இரண்டு பெட்டிகள் விழும் விளிம்பில் நின்றன. ஒன்று சூடேறியதும் ஏழிலேயே விழுந்தது. அந்தப் பெட்டியை நம்பி இருந்தவருக்குக் குமரான மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறது. அவருடைய முகத்தை நான் இன்னும் நேரே பார்க்கவில்லை.

மற்ற இரண்டையும் வாங்கிய சிலாபத்துக்காரர் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார். யாருக்கு என்று அவருக்கும் நினைவில்லை. ஆகவே இந்த மலர் போகும் வீடுகளில் பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். சாம்பல் நிறப் பெட்டி, மூடியில் சிவப்புப் பொட்டு இல்லாதது, உங்களிடம் இருந்தால் இன்றே கழற்றுங்கள். சக்கரத்தைக் கையால் போடுங்கள். என் கடைக்குக் கொண்டுவாருங்கள். என்னை ஏசினாலும் கேட்டுக்கொள்வேன்.

ஸ்ரெல்லாவின் கொப்பியைத் தம்பி என்னிடம் தந்தார். பொய் இலக்கங்கள் இருந்த பக்கத்தில் ஏழு வரிகளை வெட்டி உண்மையை எழுதிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பயம். ஓடாத சாமானைக் கண்டு பயப்பட எனக்கு முன்பே தெரியும். ஓடுகிற சாமானைக் கண்டு பயப்படுவது அவரிடமிருந்து வந்தது. அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றி இன்றுவரை ஒருவரும் குறை சொல்லி அழைக்கவில்லை.