சனிக்கிழமை ரயில் ஏறாதவர்

1989ஆம் ஆண்டின் தொடக்கம், கடும் பனிக்காலம். கொபன்ஹேகனில் பிஸ்பெபியர் என்ற மேட்டுப் பகுதியில் ஒரு யூதத் தம்பதியின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். டென்மார்க்கில் மேடா என்று சிரிப்பீர்கள். நாடே தோசைக்கல் மாதிரித் தட்டைதான். ஆனால் உறைபனி பிடித்த ஒரு காலையில் அந்தச் சரிவில் இறங்கி எம்ட்ரப் ஸ்டேசனுக்குப் போய்ப் பாருங்கள். நான் இரண்டு தடவை வழுக்கி விழுந்து, இருந்தபடியே இறங்கியிருக்கிறேன்.

மேட்டிலிருந்த ஆசுபத்திரியின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. எப்போது கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். தமிழ் அகதிகளான எங்கள் விண்ணப்பங்களை நீதி அமைச்சே வேண்டுமென்று நிறுத்தி வைத்திருந்தது என்பதும், அதனால் ஓர் அரசாங்கமே வீட்டுக்குப் போனதும் பின்னாளில் ஊரறிந்த கதை. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. நான்தான் எங்கோ பிழையாக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல். பிள்ளைகள் இல்லை. ஐயா ஓய்வு பெற்ற தையற்காரர், எதையும் நின்று நிதானமாக யோசித்துச் செய்கிறவர். அம்மையார் அதற்கு நேரெதிர். அவர் யோசித்து முடிக்குமுன் இவர் செய்து முடித்திருப்பார்.

போன புதிதில் எனக்கு அவர்களுடைய வழக்கம் ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், வீட்டுக்குள் நடைபாதையில் விளக்கு எரிகிறது, குசினியில் ஆளில்லை, மின்னடுப்பு மெல்லிய சூட்டில் எரிய அதன் மேல் ஒரு பானை. வயது போனதுகள், மறந்துபோய்ப் படுத்துவிட்டதுகள் என்று நினைத்து, பொறுப்பான பிள்ளையாய் விளக்கையும் அடுப்பையும் நிற்பாட்டிவிட்டு மேலே போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அம்மையார் இருட்டு நடைபாதையில் நின்றுகொண்டு, “இங்கே என்ன இருட்டாக இருக்கிறது!” என்றார். ஓம், உங்கள் நாட்டுப் பனிக்காலம் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன். “சூப்பும் ஆறிப்போய்விட்டது” என்றார். ஆறின சூப் வயிற்றுக்கு நல்லது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று பொழுதுபட்டு, வானத்தில் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் இருவரும் என்னைக் கூப்பிட்டு இருத்தி விளக்கினார்கள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டக் கூடாது, விளக்கைப் போடவும் கூடாது நிற்பாட்டவும் கூடாது, தொலைபேசியைத் தொடக் கூடாது, வாகனம் ஏறக் கூடாது, காசையோ பொருளையோ வெளியே எடுத்துப் போகக் கூடாது. எரிவது எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதைப் போட்டுவிடு என்று என்னிடம் நேரே கேட்கவும் அவர்களுக்கு வழக்கமில்லை. அதனால்தான் அந்த இருட்டுக் கதை. சொல்லிவிட்டு அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளி பின்னேரத்தில் அந்த வீட்டு விளக்குக்கு நான்தான் காவல்காரன். அவர்களுடைய வெள்ளியும் என்னுடைய வெள்ளியும் மட்டும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. அவர்கள் வெள்ளிக்கிழமைதான் கோழி சூப் வைப்பார்கள். எனக்கோ வெள்ளியில் மச்ச மாமிசம் ஆகாது. என் பங்கை அம்மையார் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைப்பார்.

சனிக்கிழமைகளில் ஐயா ஜெப ஆலயத்துக்கு நடந்தே போவார். நகரத்தின் நடுவில் இருக்கிறது அது. போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். எம்ட்ரப் ஸ்டேசனையும் நோரப்ரோ ஸ்டேசனையும் ரயில் ஏறாமலே கடந்து, பனியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு போவார். விளக்கம் கிடைப்பதற்கு முன்பு, மனுசன் மகா கஞ்சன் என்று நினைத்து, பாவம் பார்த்து என் கிளிப் கார்டை நீட்டியவன் நான். கிளிப் கார்ட் என்பது அந்தக் கால ரயில் அட்டை. பயணத்துக்குப் பயணம் மஞ்சள் பெட்டியில் செருக வேண்டும், அது ஒரு ஓரத்தைக் கடித்து எடுக்கும். ஐயா சிரித்துக்கொண்டே என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார்.

தொலைபேசி கீழ்த்தளத்தில் நடைபாதையில் இருந்தது. லொட்ஜில் தொலைபேசி இல்லாததால் மனைவி வெளியே ஒரு கடைக்குப் போய் ஞாயிறு தோறும் எனக்கு அழைப்பு எடுப்பாள். சனிக்கிழமை யார் எடுத்தாலும் அது அடித்து அடித்து ஓயும். அந்த வீட்டில் அதைக் காதில் வாங்கவே மாட்டார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, எங்கள் விண்ணப்பங்களுக்கு உதவி செய்துகொண்டிருந்த டேனிஷ் பெண்மணி ஒருவர் சொன்னார், கிடப்பிலிருந்தவற்றை மறுபடி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், உங்களுடையதும் எடுபட்டிருக்கிறது, இனி உங்கள் மனைவி இருக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வீட்டுக்கு வந்து, மெழுகுதிரி ஏற்றத் தயாராக நின்ற தம்பதியிடம் முதலில் சொன்னேன். மனைவிக்கு ஞாயிறு சொல்லலாம், இடையில் ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

சனி காலை, போகிற இடத்தைத் தம்பதியிடம் சொல்லிவிட்டு, ஒரு நண்பனின் காரில் அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போனேன். அங்கே ஸ்டேசனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் எங்கள் பொடியன்களின் கரப்பந்துப் போட்டி. முதல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் அடிப்பதற்குப் பந்தை மேலே போட்டிருந்த நேரம், வெளியே நின்ற ஒருவன் கத்தினான்.

“அண்ணை, உங்களைத் தேடி ஒரு வெள்ளைக்கார ஐயா வந்து நிக்கிறார்!”

திரும்பிப் பார்த்தால், கறுத்தக் கோட்டும் தொப்பியுமாக எங்கள் ஐயா. பந்து என் தலையில் விழுந்தது. சனிக்கிழமை அவர் அங்கே நிற்க வழியே இல்லை. அம்மையாருக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து அவரிடம் ஓடினேன்.

“உங்கள் மனைவி அழைப்பு எடுத்தார்” என்றார் ஐயா, மூச்சு வாங்கிக்கொண்டு. “இன்று இரவு பிள்ளையோடு ஒரு ஏஜென்டுடன் புறப்படப் போகிறாராம். போக வேண்டாம் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். உங்கள் குரலைக் கேட்டால்தான் நம்புவேன் என்கிறார். திரும்பவும் எடுப்பார். வாருங்கள்.”

அவள் புறப்பட்டால் விண்ணப்பம் போச்சு. அதைவிட, களவாக ஆட்களைக் கடத்துகிற ஏஜென்ட் எந்த நாட்டில் எந்தக் காட்டில் கொண்டுபோய் இறக்குவான் என்று யாருக்குத் தெரியும்? நண்பனோ ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வந்த அணியைக் கூட்டிவரக் காரோடு போயிருந்தான். காற்சட்டைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஐயாவோடு ஸ்டேசனுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், அவர் நடக்க நான் அவரைச் சுற்றி ஓடினேன்.

ஸ்டேசனில் அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு என் கிளிப் கார்டை எடுத்தார். காரில் போகிறேன் என்று நான் வீட்டில் விட்டு வந்தது. அதைப் பெட்டியில் செருகி இரண்டு பேருக்கும் கிளிப் அடித்தார். இந்த அவசரத்தில் இது இல்லாமலே ஏறியிருக்கலாமே என்றேன். “அவசரத்துக்கு ஓய்வுநாளை மீறலாம். ரயில்காரரை ஏமாற்ற அனுமதி இல்லை” என்றார்.

ரயிலில்தான் முழுக் கதையையும் சொன்னார். அவர் ஜெப ஆலயத்துக்குப் புறப்பட நின்ற நேரம் தொலைபேசி அடித்ததாம். வழக்கம்போல முதல் தடவை அடித்து ஓயட்டும் என்று விட்டார்களாம். உடனே மறுபடி அடித்ததாம். மூன்றாம் தடவை அடிக்கும்போது இருவரும் நடைபாதையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

“உயிர் காக்க வேண்டி வந்தால் ஓய்வுநாளை மீறத்தான் வேண்டும். அது எங்கள் சட்டம். ஆனால் அடிப்பது உயிர் போகிற விஷயமா என்று எடுக்காமல் எப்படித் தெரியும்? எங்கள் குருவிடம் கேட்கலாம் என்றால் அதற்கும் தொலைபேசியைத்தான் எடுக்க வேண்டும். நான் இதை யோசித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி எடுத்துவிட்டாள்.”

பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். ஜெர்மன்காரன் இங்கே இருந்த காலத்தில், யூதர்களின் புதுவருடப் பண்டிகையை ஒட்டி, அவர்களையெல்லாம் பிடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததாம். அந்தப் பண்டிகையும் வாகனம் ஏறக் கூடாத நாள். இருவரும் அன்றைக்கே ரயில் ஏறி வடகரைக்குப் போய், அங்கிருந்து மீன்பிடிப் படகில் சுவீடனுக்குத் தப்பினார்களாம்.

“ஏறக் கூடாத நாளில் நான் ரயில் ஏறியது அன்று. அதற்குப் பிறகு இன்று” என்றார். எனக்கு அந்த நேரத்தில் அவருடைய கதை முழுதாக மனதில் ஏறவும் இல்லை. இந்த ரயில் ஏன் எல்லா ஸ்டேசனிலும் நிற்கிறது என்ற எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

எம்ட்ரப்பில் இறங்கியதும் என்னை முன்னே ஓடச் சொன்னார். மேட்டில் நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. வீட்டுக்குள் போனால், அம்மையார் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தபடி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “வெயிற், மை டியர், வெயிற்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பறிக்காத குறையாக வாங்கினேன்.

“இஞ்சருங்கோ, எங்கை போனனீங்கள்?” என்று மறுபக்கம் மனைவி அழுதாள். “நாளைக்கு ஊரடங்குச் சட்டம் போடப்போறாங்களாம். இண்டைக்கு இரவு வெளிக்கிடாட்டில் பிறகு தன்னாலை ஏலாதாம் எண்டு ஏஜென்ட் சொல்லுறான். ஒரு வருசமா நீங்களும் பாப்பம் பாப்பம் எண்டுறியள். நான் பெட்டி கட்டிப்போட்டன்.”

“பெட்டியை அவிழும். எங்கடை விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்திட்டாங்கள். நேற்றுத்தான் சொன்னவை.”

“உண்மையாவோ? என்னை மறிக்கிறதுக்குச் சொல்லேல்லையே?”

“பிள்ளையாணை உண்மை. வெளிக்கிட்டீர் எண்டால் எல்லாம் பாழ். கொஞ்சம் பொறும்.”

இணைப்பில் இரைச்சல் கூடியது. அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

“சரி, நிக்கிறன்” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “ஆர் அந்த அம்மா? நான் எடுக்க எடுக்க அவதான் எடுத்தவ. எனக்காக ஏன் அழுகிறா?”

அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. ஐயா அப்போதுதான் மேடேறி வந்து வாசலில் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். நிற்கிறாளாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஆறாமல் இருந்த சூப்பைக் குடிக்கப் போனார். அன்று பின்னேரம் தொலைபேசி இன்னொரு முறை அடித்தது. மனைவிதானோ என்று நான் பாய்ந்து எடுத்தேன். யாரோ அவர்களுடைய உறவுக்காரர். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு மறுபடி ஓய்வுநாள் ஆகிவிட்டிருந்தது.

அன்றிரவு அந்த ஏஜென்டுடன் போனவர்கள் வழியில் ஒரு விமான நிலையத்தில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்களுக்குக் கோடை தொடங்கும்போது அனுமதி வந்தது.

மனைவியும் மகளும் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை. விமான நிலையத்துக்கு ஐயாவும் வருவார் என்று என் மனதுக்குள் ஓர் எண்ணம். ஒருநாள் ஏறியவர் இன்னொரு நாள் ஏற மாட்டாரா? அவர் வரவில்லை. எனக்குச் சற்று மனத்தாங்கல்தான், இல்லையென்று சொன்னால் பொய். பஸ்ஸும் ரயிலும் மாறி எம்ட்ரப்பில் பெட்டிகளோடு இறங்கி வெளியே வந்தால், ஸ்டேசன் வாசலில் இருவரும் நிற்கிறார்கள். மேட்டிலிருந்து நடந்து வந்திருந்தார்கள். அந்த நாளில் எதையும் எடுத்து வரக் கூடாதென்பதால் கையில் ஒரு பூக்கூட இல்லை. எங்கள் பெட்டியைத் தூக்கவும் முடியாது. வெறுங்கையோடு, நல்ல உடுப்பு உடுத்தி, எத்தனை ரயில் வந்து போகும்வரை நின்றார்களோ தெரியாது.

அம்மையார் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் மனைவிக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. இரண்டு பேரும் வீதியில் நின்று அழுதார்கள். மேடேறும்போது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, இந்த ஐயா ஏன் எங்களோடை கோச்சியிலை வரேல்லை?”

அவருக்கு இன்று ரயில் ஏறக் கூடாத நாள் என்றேன். அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அன்று ரயில் ஏறி வந்தவர், வேண்டும்போது ஏறுகிற மனுசன் இல்லை. யாரும் சாகாத ஒரு நாளில், எங்கள் சந்தோசத்துக்காகக்கூட அவர் ஏறவில்லை. என் மனத்தாங்கல் போன இடம் தெரியவில்லை.

இருவரும் இப்போது இல்லை. மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் என்னோடு டேனிஷில்தான் கதைக்கிறார்கள். எம்ட்ரப் ஸ்டேசனை ரயிலில் கடக்கும்போதெல்லாம், தங்களுக்கு முன்பின் தெரியாத ஒருத்தியாக இருந்த என் மனைவிக்காகத் தங்கள் ஆயுள் முழுதும் காத்த ஒரு நாளை உடைத்தவர்கள் அந்த வாசலில் வெறுங்கையோடு நிற்பதாகவே எனக்குத் தோன்றும். என் குடும்பம் என்று இன்று நான் சொல்வதெல்லாம் அந்தக் கைகள் தந்ததுதான்.