ஆயில் பார்க்கவில்லை என்று சொன்னேன்

நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை எனக்கு நினைவில்லை. நாளைக்கு வண்டி ரெடி என்று தினமும் நாலு பேரிடம் வாய் கூசாமல் சொல்கிற தொழில் இது. அவற்றையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டால் ஷெட்டைத் திறக்கவே முடியாது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் போனில் சொன்ன ஒரு பொய் மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. நாலே வார்த்தை. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் பிறவி கார் மெக்கானிக் இல்லை. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் படகு ஏறினால் குடல் வாய்க்கு வரும். அதனால் கரையிலேயே நின்று, காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களில் பன்னிரண்டு வருடம் கை வைத்தேன். அப்புறம்தான் திருவொற்றியூரில் ஷெட் போட்டுக் காருக்கு மாறினேன். அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் ரொம்ப நாள் என்னை ‘போட்டு மெக்கானிக்’, அதாவது படகு மெக்கானிக், என்றே கூப்பிட்டார்கள். கார் இன்ஜினைத் திறந்தால் உள்ளே மீன் தேடுவான் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரியும். அந்தப் பெயர் போக எட்டு வருடம் ஆயிற்று.

அந்த வெள்ளை நிறப் பெட்ரோல் கார் எனக்கு வாடிக்கை வண்டி. ஓனர் ஊருக்குள் இருந்தார். நாலைந்து கார்களை வாடகைக்கு விட்டிருந்தார். ஓட்டியவர் ராயபுரத்துக்காரர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வள்ளூர் அனல் மின் நிலையத்துக்கு இன்ஜினியர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்து வருவார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, சாம்பல் புழுதியில், தினமும் அதே பாதை. ஆனாலும் அவர் வண்டி மட்டும் துடைத்துவைத்த மாதிரி வரும். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை நைனா என்பார்.

ஒரு நாள் மதியம் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டுதான் வந்தார். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, மேம்பாலம் ஏறவில்லை, பின்னால் நீலப்புகை என்றார். ஆயில் குறைகிறது என்று ஒரு மாதம் முன்பே அவர் சொல்லியிருந்தார். பழைய வண்டி அப்படித்தான் குடிக்கும், ஊற்றி ஓட்டுங்கள் என்று நான்தான் அனுப்பிவைத்தேன்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், போயிருக்கிறது என்பது புகையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, முதல் ஓட்டையில் அழுத்தம் காட்டும் கேஜைத் திருகினேன். அவரை சீட்டில் உட்கார வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ப் அடிக்கச் சொன்னேன். நூற்று எழுபதைத் தொட வேண்டிய முள் தொண்ணூறிலேயே நின்றது. மற்ற மூன்றும் ஏறக்குறைய அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம். நாலும் சேர்ந்து குறைந்தால் வேறு விஷயம். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன். முள் நூற்று நாற்பதுக்குத் தாவியது. வால்வில் ஓட்டை இருந்தால் ஆயில் விட்டாலும் ஏறாது. ஏறுகிறது என்றால், ஆயில் போய் அடைக்கிற இடத்தில்தான் காற்று கசிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரும் சேர்ந்து தேய்ந்திருக்கும். இவ்வளவையும் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. அவரும் வாத்தியாரிடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாளில் ஹெட்டைத் தூக்கி, பிஸ்டன்களை வெளியே எடுத்துவிட்டேன். சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது. அதற்குக் கீழே சாணை பிடித்த மாதிரி தேய்ந்திருந்தது. ஆனால் பேரிங்குகளில் ஒரு கீறல் இல்லை. ஆயில் இல்லாமல் ஓடிய வண்டியில் முதலில் போவது பேரிங்தான். ஆக இது மேலேயிருந்து, காற்று வரும் வழியில், ஏதோ உள்ளே போய்த் தேய்த்த தேய்மானம். ஏர் பில்டரைத் திறந்தேன். பேப்பர் கிழியாமல் ஒழுங்காகத்தான் இருந்தது. பில்டருக்கு அப்புறம் இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரலை விட்டேன். விரல் முழுக்கச் சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது.

குழாய் இன்ஜினில் மாட்டுகிற இடத்தில் கிளிப்பு இல்லை. நைலான் வலை நூல் சுற்றியிருந்தது. இரண்டு சுற்று, நுனியை உள்ளே இழுத்து, மீதியை நெருப்பில் சுட்டு உருக்கிவிட்ட முடிச்சு. எங்கள் வீட்டில் எல்லோரும் போடுகிற முடிச்சு. அதைப் போட்டவன் நான்.

உப்புக் காற்றில் இரும்புக் கிளிப்பு சீக்கிரமே துருப்பிடித்து அறுந்துவிடும். அதனால் காசிமேட்டில் யாரும் கிளிப்பைத் தேடிப் போவதில்லை, வலை நூலால் இறுக்கிவிடுவோம். படகில் அது வருடக்கணக்கில் தாங்கும். கொஞ்சம் நெகிழ்ந்தாலும் குடி முழுகிவிடாது, ஏனென்றால் கடலில் தூசி கிடையாது. வள்ளூர் ரோட்டில் இருப்பது பூராவும் சாம்பல். சூட்டில் நூல் நெகிழ்ந்து, குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளி விழுந்திருந்தது. அது வழியாகப் பல மாதமாக இன்ஜின் சாம்பலைக் குடித்திருக்கிறது. புதுக் கிளிப்பு வாங்கி வரச் சோம்பல்பட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று அதற்கு முந்தின வருட சர்வீசில் கட்டியது அது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். நான் பிளேடை எடுத்து நூலை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். குழாயை பெட்ரோலில் கழுவினேன். புதுக் கிளிப்பை மாட்டினேன். அப்புறம் ஓனருக்குப் போன் போட்டேன். அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார், கழற்றிய பிளக்குகளைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டு. ஓனர் ஒன்றுதான் கேட்டார்: இது வண்டிக் கோளாறா, ஆள் கோளாறா?

“டிரைவர் ஆயில் பாக்கல சார்.”

போட்டு மெக்கானிக் காரைக் கெடுத்துவிட்டான் என்று டீக்கடையில் பேசுவார்கள் என்ற ஒரே பயம். அதற்காக அறுபது வயது ஆள் தலையில் பழியைக் கட்டினேன். அவர் என்னோடு சண்டைக்கு வந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. பிளக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய், பிரித்துப் போட்ட இன்ஜினிலிருந்து ஆயில் அளவுக் குச்சியை உருவினார். ஆயிலை நான் எப்போதோ இறக்கியிருந்தேன். காய்ந்த குச்சியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைப் பார்த்தார். செருகி, மறுபடி உருவிப் பார்த்தார்.

“டெய்லி பாக்கறனே நைனா,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, குச்சியைப் பார்த்துச் சொன்னார்.

இன்ஜினை நன்றாகத்தான் செய்தேன். லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன், புது ரிங், வால்வு உரசல் என்று எதிலும் குறை வைக்கவில்லை. கேஜ் வைத்தால் நாலு சிலிண்டரும் ஒரே அளவு காட்டியது. அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை எடுத்துப்போக வந்தவர் வேறு டிரைவர். பழையவர் எங்கே என்று நான் கேட்கவில்லை.

நாலைந்து மாதம் ஓடியிருக்கும். டீக்கடையில் ராயபுரத்து ஆட்டோக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், முப்பது வருடம் கார் ஓட்டியவர், இப்போது வண்டியையே தொடுவதில்லையாம். “மறதி வந்துட்ச்சாம்பா அவுருக்கு. ஆயிலு பாக்காம இஞ்சினயே காலி பண்ட்டாராம்,” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். வேலை போயிருக்கும், வேறு வண்டி கிடைத்திருக்கும் என்று இத்தனை நாள் என்னை நானே சமாதானம் செய்து வைத்திருந்தேன். இப்படி ஒன்று நடக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் ஓனருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்வது சுலபம் என்பதால் அதை முதலில் செய்தேன்.  அவர், அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அடுத்த மாதம் முதல் அவர் வண்டி எதுவும் என் ஷெட்டுக்கு வரவில்லை. அது நியாயம்தான்.

போன் போட்ட வாரமே ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவர் பூசைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார்.

அப்புறம் அவராகவே பேசினார். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனாராம். கண் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் தலையில்தான் ஏதோ கோளாறு. “நீ தொழில் தெரிஞ்சவன், பொய்யா சொல்லப்போற? நான் பாத்தேன்னு நெனச்சிகினு கீறேன், ஆனா பாக்கல போல,” என்றார். இப்போது சமையல் கேஸை அவர் மூடினாலும் மனைவி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது அண்ணன் வேலை. அதையும் நிறுத்திவிட்டார்களாம். ரோட்டில் எங்கேயாவது மறந்து விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று பயம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் சொன்னேன். வலை நூல், சாம்பல், பிளேடு, போன், எல்லாவற்றையும். அவர் முகத்தைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றும் கேட்டேன். அவர் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் வந்து நின்றார்.

“இன்னொரு தபா சொல்லு. இவ கேக்கட்டும்,” என்றார் அண்ணன்.

முதல் தடவை சொன்னது ஒன்றுமே இல்லை. அந்த அம்மாள் முன்னால் வாய் குழறியது. நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.  முடித்ததும் அந்த அம்மாள் ஒன்று மட்டும் கேட்டார்.

“அப்போ இவுரு எதையும் மறக்கலியா?”

“இல்ல அண்ணி. ஒண்ணும் மறக்கல.”

அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் படியில் உட்கார்ந்து, நாளையிலிருந்து பாப்பாவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அவர் தலையாட்டினார். பிறகு, இத்தனை மாதத்தில் மாறியிருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்போல், பள்ளிக்கூடத்தில் இப்போது எத்தனை மணிக்குப் பெல் அடிக்கிறார்கள் என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.