வாசல் வளையில் இருந்த கல்

கோல்டிங் முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருஷம் மாடாய் உழைச்சு, ராசமலர் கடைசியில் வாங்கினது ஒரு கூரை வீடு. கறுத்த மரச்சட்டம், இடையிலை வெள்ளைச் சுவர், மேலே ஒரு முழத் தடிப்பில் நாணல். இருநூறு வயசு. சனம் சும்மா விடுமோ? "கல்வீடு கட்டத்தானே எல்லாரும் வெளிநாட்டுக்கு வாறது. இவள் டென்மார்க்குக்கு வந்து கொட்டிலுக்கை பூந்திட்டாள்!" சிரிச்சால் சிரிக்கட்டும் எண்டு விட்டாள். உலகத்தில் அவளுக்குச் சொந்தமெண்டு இருந்தது அது ஒண்டுதான்.

அவளை அரிச்சது வேறை. பக்கத்து வீட்டு இங்கர் கிழவி காலமையெண்டால் வேலியடியில் வந்து நிண்டு, இவளின் வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்ப்பாள். இவள் கண்டிட்டால் "ஹை" எண்டிட்டுப் போயிடுவாள். ஒருநாள் ரண்டுநாள் இல்லை, ரண்டு மாசம்! நல்ல மனுசி ஏன் அடுத்தவள் வாசலைப் பாக்கிறாள்?

ஆனியில் ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறினவள் அதைக் கண்டாள். வாசல் வளைமரத்துக்கு மேலே, நாணலுக்குள் செருகி ஒரு உருண்டைக் கல். அதில் நட்சத்திரம் மாதிரி அஞ்சு கீறல்.

"அம்மாளாச்சி! பாவி எனக்குச் செய்வினை செய்துபோட்டாளே!"

இடக்கையால் எடுத்து, வயல்கரைத் தண்ணிக் கானுக்குள் எறிஞ்சு, திரும்பிப் பாராமல் வந்து தலைமுழுகினாள். அதோடு விட்டாளோ? பூசணிக்காயொண்டில் கண்ணும் பல்லும் கீறி, தன்ரை வாசலிலை இங்கரின்ரை சன்னலைப் பாக்கத் தொங்கவிட்டாள். பிறகு கிழவி "ஹை"யும் சொல்லேல்லை.

"பாத்தியே, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது," எண்டு மகள் மேனுஜாவுக்குப் போனில் சொன்னாள். மகள் டெனிஷில் பகிடி பண்ணிச் சிரிச்சாள்.

ஆடியில் ஒரு பின்னேரம் இடி முழங்கிச்சுது. மழையில் தோய்ஞ்சபடி இங்கர் வந்து கதவைத் தட்டினாள்.

"அந்தக் கல் எங்கை?"

"எந்தக் கல்?"

"இடிக்கல். இடியோடை வானத்திலையிருந்து விழுறதெண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். நான் பிறந்தது இந்த வீட்டிலை. கூரையில மின்னல் விழக்கூடாதெண்டு அப்பா வைச்சது. வாற ஆக்கள் அதை எறிஞ்சுபோடுவினமோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் பாத்தனான். ஒருநாள் காணேல்லை. கேப்பமெண்டால் அந்த மூஞ்சை தொங்குது. நீ எனக்குத்தான் ஏதோ செய்யிறாயெண்டு பயந்துபோனன்."

ராசமலருக்கு வெக்கமாய்ப் போச்சு. மின்னல் வெட்டினபோது நாணற்கூரையை ஒருக்கால் பாத்தாள். நெருப்புப் பத்தினால் கால் மணித்தியாலம் நிக்காது. செருப்பையும் போடாமல் கானுக்கு ஓடினாள். இங்கரும் பின்னாலை வந்து சேத்துக்குள் முழங்காலில் இருந்தாள். கை முழுக்கக் காஞ்சோண்டிச் செடி கடிக்க, கடைசியில் கல்லைக் கண்டெடுத்தது ராசமலர்தான். மழை விட்டவுடனை ஏணியில் ஏறி, இந்தமுறை வலக்கையால் வளையில் வைச்சாள்.

இறங்கி வந்து, பூசணிக்காய்க் கயிறை அறுக்கக் கத்தி எடுத்தாள். இங்கர் கையைப் பிடிச்சாள்.

"அறுக்காதை, அதுவும் இருக்கட்டும். முகத்தை மட்டும் றோட்டுப் பக்கம் திருப்பிவிடு."