ஒரே ஒரு குரல்

அழைப்பு மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

கோம்பையில் என் பள்ளி நாட்களில், வேற்றுக்கிரகவாசிகள் கேட்பதற்காக மனிதக் குரல்களை இசைத்தட்டில் பதித்து விண்ணுக்கு அனுப்பியதாக ரேடியோ சொன்னது.

"எத்தன தரம் கூப்பிட்டாகளாம்?" என்றாள் அம்மா.

"ஒரு தரந்தாம்மா."

பொழுதடைந்தபின் ஒரே தரம் கூப்பிடுவது பேய். மூன்றாம் குரலுக்குத்தான் எங்கள் ஊரில் கதவு திறக்கும். முந்தின வருடம் மலையில் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு இறங்கி வந்த அப்பா, வாசலில் ஒரே தரம்தான் கூப்பிட்டார். அடுத்த குரலுக்காக அம்மா காத்திருந்தாள். விடிந்து திறந்தபோது அவர் உடல் சில்லிட்டிருந்தது.

அம்மா முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்தாள்.

"இவுகளுக்கும் அம்புட்டுத்தான் தெம்போ என்னமோ. ஒரு குரலுக்கே தெறந்துருங்கய்யா."

இப்போது என் வீட்டு மணி மறுபடி அடிக்குமுன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.